கோட்டுப் பையில் வந்த கத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அக்கா வீட்டிலும் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம், படிக்கிறவர்கள் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போவதும் வழக்கம். இந்த முறை தாண்டிப் போகாதே. நிஜமாகவே கேட்கிறேன், சுகமா? வாரா வாரம் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரில் போடாவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும், போட்டால் நான் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் அங்கே மழையா வெயிலா என்று அவர் ஆரம்பித்துவிடுவார். மெசேஜ் அடிக்கலாம் என்றால், நான் ஒன்று அடிக்க அந்த ஃபோன் வேறொன்று எழுதிக்கொள்கிறது. அதோடு ஃபோன் என்றால் சிக்னல் இல்லை என்று சொல்லி நீ கட் பண்ணிவிடலாம். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. அதனால்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குடோனிலேயே உட்கார்ந்து, ஒரு மருந்துப் பெட்டிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பெட்டியின் குற்றம்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, ஃபோட்டோ எடுக்க வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணியது, அப்பாவே பிரித்துப் போட்டுச் சரிசெய்தார், ஒரு திருகு மட்டும் மிச்சம் வந்தது, அது இல்லாமலும் ஓடுகிறது என்று எடுத்து வைத்துவிட்டார். மாடிவீட்டு ஆசிரியை பூந்தொட்டிகளை வரிசையாகக் கைப்பிடிச் சுவரில் வைத்திருக்கிறாள், அவள் செடிக்கு ஊற்றும் தண்ணீர் எல்லாம் நம் வீட்டுத் துணிமேல் சொட்டுகிறது, சொன்னால் செடி நல்லதுதானே என்கிறாள். இதெல்லாம் சும்மா. நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கத்தியைப் பற்றி.

உன் அறைத்தோழன், அதுதான் அந்தக் கண்ணாடிக்காரன், லீவில் வந்தவன் நீ கொடுத்தனுப்பிய பையைக் கொண்டுவந்து கொடுத்தான். அப்போதே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. உட்காருப்பா என்றால் நின்றான். காபி குடிப்பா என்றால் இப்பதான் குடிச்சேன் ஆன்ட்டி என்றான். எங்க பையன் எப்படி இருக்கான் என்று கேட்டதற்கு, சூப்பரா இருக்கான் ஆன்ட்டி என்று எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான். சூப்பராக இருக்கிறவனைப் பற்றிச் சொல்வதற்கு மின்விசிறியை எதற்குப் பார்க்க வேண்டும்? சரி, கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டேன். பையில் எனக்குப் போர்வை, அக்கா மகளுக்குக் கலர் பென்சில், அப்பாவுக்கு உன்னுடைய பழைய குளிர்கோட்டு. இங்கே அடிக்கிற வெயிலில் அதை உடனே மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றார், உனக்குத்தான் உன் அப்பாவைத் தெரியுமே. உள்பையில் கையை விட்டவர், இதென்ன என்று ஒரு சாமானை வெளியே எடுத்தார்.

கறுப்பாக, தட்டையாக, என் நடுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு பக்கம் பேனாவுக்கு இருப்பது மாதிரி கிளிப். ஃபோனுக்குச் சொருகுகிற ஏதோ ஒன்று என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். முதுகுப்பக்கம் சின்னதாக ஒரு மேடு துருத்திக்கொண்டிருந்தது, அதை ஆள்காட்டி விரலால் லேசாகத்தான் அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், அவர் கையில் கத்தி. எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. என் கையில் இருந்த தட்டு கீழே போய்விட்டது, நல்லவேளை எவர்சில்வர். லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்த மனுஷன், ஸ்பிரிங்கும் திருகும் கண்ணில் பட்டால் பசி மறந்துவிடும். எதுக்கு இப்படிப் பதறுற, இது தானா திறக்கிறது இல்ல, பாதி தூரம் நாம தள்ளணும், மீதிய உள்ள இருக்கிற ஸ்பிரிங் பாத்துக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பாதி வேலையை நாம் செய்ததும், மிச்சப் பாதியை நம்மைக் கேட்காமலே செய்துகொள்கிற சாமானை எப்படி நம்புவது? நடுவில் மனசு மாறினால் என்ன செய்வது? சமையலறையில் இருக்கிற கத்தி எப்போது பார்த்தாலும் கத்தியாகவே இருக்கிறது. இது கத்தி இல்லாத மாதிரி நடித்துக்கொண்டு பைக்குள் படுத்திருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்தேன், அந்தச் சின்ன உருவத்துக்கு அவ்வளவு கனமும் இருக்கக் கூடாது. மூடியிருக்கும்போது கூர்மை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. திறக்கப் பயம், திறந்தபிறகு மூட அதைவிடப் பயம். அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். பாத்தியா, சொல்லாம வச்சிருக்கான், எனக்குன்னு தேடி வாங்கியிருக்கான் என்றார். பரிசு கொடுக்கிறவன் அதைப் பழைய கோட்டின் உள்பையில் போட்டா கொடுப்பான்? அதுவும் கிளிப்பின் கறுப்புச் சாயம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிற சாமானை? மறந்துபோய் வந்தது என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தபிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அப்பா முதல் வார்த்தையாக அதைத்தானே சொன்னார், கத்தி கிடைச்சுதுடா, ரொம்ப நல்லா இருக்கு என்று. நீ கண்ணைச் சிமிட்டினாய். அப்புறம் ஆமாப்பா, உங்களுக்குத்தான்ப்பா என்றாய். நீ சின்ன வயதில் பல் விளக்கிட்டியா என்று கேட்டால் சொல்வாயே ஒரு ஆமாம்மா, அதே குரல். உன் இடது கையை நீ அன்று முழுக்கப் படத்துக்குள் கொண்டுவரவே இல்லை. எல்லாவற்றுக்கும் இடது கையை நீட்டுகிற பிள்ளை, தண்ணீர் டம்ளரை வலது கையால் எடுத்துக் குடித்தாய். கடைசியில் நான் கேட்டபிறகுதான் பிளாஸ்டர் ஒட்டிய ஆள்காட்டி விரலைக் காட்டி, டின் மூடி கிழிச்சிடுச்சும்மா என்றாய். அப்போது நம்பினேன். முழுசாக இல்லை.

இதற்கு நடுவில் உன் மாமா வந்து சேர்ந்தார். என் அண்ணனுக்கு எந்த வீட்டில் எது நடந்தாலும் மூக்கில் வியர்த்துவிடுமே. கத்தியைக் கையில் வாங்கி, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதெல்லாம் ரவுடிப் பசங்க வச்சிருக்கிற டைப், அந்த ஊர்ல போலீஸ் பாத்தா புடிச்சு உள்ள வச்சிடுவான், பையன் யாரோட சேர்றான்னு எப்பவாவது விசாரிச்சீங்களா என்றார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்று தெரியும், எந்தப் பாதி என்றுதான் எனக்கு எப்போதும் தெரிவதில்லை. அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவள், அம்மா அங்கெல்லாம் எல்லாரும் வச்சிருப்பாங்க, ஆப்பிள் வெட்ட வச்சிருப்பான் என்று அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மகளின் பல்லுக்குக் கொண்டுபோய்விட்டாள். அவள்மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆப்பிள் வெட்டுகிற கத்தி எதற்கு இடுப்பில் மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்? ஒரே கையால் எதற்குத் திறக்க வேண்டும்? மற்றக் கையில் என்ன இருக்கும் என்று யோசித்தேன் பார், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாருக்கோ பயந்து இதை வைத்திருக்கிறாயா, வேலை முடிந்து வருகிற தெரு அப்படிப்பட்டதா, யாராவது உன்னை மிரட்டுகிறார்களா, இல்லை நீயே யாரோடாவது சேர்ந்துவிட்டாயா என்று என் புத்தி போகாத இடம் இல்லை.

அப்பாவுக்கு இந்தக் கவலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கத்தியை ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார். தையல்காரர் கடையில் உட்கார்ந்து நூல் அறுத்தார். மருந்துக் கடைக்காரரிடம் காட்டினார். முடிவெட்டுகிறவர் கையில் வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, சார் இத நீங்களே வச்சுக்கோங்க என்று சூடு பட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாராம். எல்லோரிடமும் ஒரே வசனம், பையன் எனக்காக வாங்கி அனுப்பினது. சாயங்காலம் டிவியில் செய்தி ஓடும்போது டக், மூடுவார், டக், மூடுவார். வாசிக்கிற பெண் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நாலு டக். எனக்குப் பொறுக்கவில்லை, அதை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். சர்க்கரையே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற மனுஷன் அந்த டப்பாவை எதற்குத் திறந்தார் என்பது தனி விசாரணை, அதை நான் இன்னும் முடிக்கவில்லை.

அன்று அவர் குளிக்கப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியை எடுத்துப் பார்த்தேன். நானே அழுத்தினேன். இரண்டு முறை வரவில்லை, மூன்றாவது முறை டக் என்றது, நான் அலறவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கத்தி மடங்குகிற மூட்டில், திருகைச் சுற்றி, கறுப்பாகக் காய்ந்த கறை. துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். துரு அப்படி உதிராது. யாருடைய ரத்தம் என்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா சொன்னது, நீ கையை மறைத்தது, கண்ணாடிக்காரன் மின்விசிறியைப் பார்த்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அப்பா குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்துகிறார், எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. துடைத்துவிடலாம், யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிடலாம் என்று முந்தானையை எடுத்துக் கத்தியின் நுனியைப் பிடித்தேன். முந்தானை ஒட்டிக்கொண்டது.

விரலால் தொட்டேன், பிசுபிசு என்றது. மோந்து பார்த்தேன். தம்பி, அந்த வாசனையை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். டேப்புப் பசை. பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பின் பசை. இதில்தானே என் காலம் ஓடுகிறது. பெட்டி வரும், டேப்பைக் கிழிப்போம், மருந்தை எடுத்து அடுக்குவோம், அடுத்த பெட்டி வரும். வீட்டுக்கு வருகிற ஒன்றிரண்டு பார்சலைப் பிரிக்கிறவன் கத்தியில் இவ்வளவு பசை ஏறாது. ஒன்றின்மேல் ஒன்றாக, காய்ந்து, அதன்மேல் அட்டைத் தூசி படிந்து, அதன்மேல் மறுபடி பசை. நாள் முழுக்கப் பெட்டி பிரிக்கிறவன் கத்தி இப்படித்தான் இருக்கும். வேறு யாரோ வைத்திருந்த பழைய கத்தியை நீ வாங்கியிருக்கலாமே என்று மனசு ஒரு சாக்குத் தேடியது. அதற்கும் வழி இல்லை. நாங்கள் வலது கைக்காரர்கள் கத்தியை ஒரு பக்கமாகச் சாய்த்து டேப்பைக் கிழிப்போம், பசை கத்தியின் ஒரு முகத்தில்தான் ஏறும். இதில் மறுமுகத்தில் ஏறியிருந்தது. இடது கைக்காரன் கத்தி. அதுவும் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவன் கத்தி. பழகினவன் நுனியை மட்டும்தான் பெட்டியில் இறக்குவான், உள்ளே இருக்கிற சரக்கில் படக்கூடாது. இதில் பாதிக் கத்திவரை பசை. விளிம்பில் அங்கங்கே பல் விழுந்திருந்தது, பெட்டியின் அடியில் அடிக்கிற கம்பிப் பின்னைப் பார்க்காமல் அதன்மேலேயே இழுத்திருக்கிறாய். அந்தக் கறை யாருடைய ரத்தம் என்றும் அப்போதே புரிந்துவிட்டது. டின் மூடியாம், டின் மூடி.

கண்ணாடிக்காரனுக்கு ஃபோன் போட்டேன். நேராகக் கேட்டால் மறுபடி சூப்பர் என்பான் என்று தெரியும். அதனால் எல்லாம் தெரிந்த மாதிரி ஆரம்பித்தேன். அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்ப்பா, குடோன் வேலைன்னா நாள் பூரா நிக்கணுமே, கால் வலிக்குதுன்னு சொல்றானா என்றேன். பாவம், அவன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. சொல்லிட்டானா ஆன்ட்டி, அப்பாடா, நான் அப்பவே சொல்லுடா சொல்லுடான்னேன் என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. உன் கம்பெனியில் உங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள் என்றும், மழைக்காலத்துக்கு முன்னாலேயே அது நடந்துவிட்டது என்றும், எங்கெங்கோ அலைந்துவிட்டு இப்போது ஒரு பெரிய சரக்குக் குடோனில் பெட்டி பிரிக்கிறாய் என்றும் சொன்னான். அக்காவுக்கு மட்டும் தெரியுமாம், அவளை வேறு சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறாயாம். கோட்டில் கத்தியை மறந்து கொடுத்துவிட்டு நீ ஃபோனில் அவனிடம் தலையில் அடித்துக்கொண்டாய் என்றான். எங்களோடு பேசுவதற்கென்றே ஒரு சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாயாம், அதை வேறு எதற்கும் தொடமாட்டாயாம். இதைச் சொன்னபோது நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில்தான் அவனுக்கு, நான் ஒன்றுமே தெரியாமல் கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. அவனைத் திட்டாதே. என்னிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் யாரும் இல்லை.

எனக்கு ரொம்ப அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வேலை போனதற்குக் கோபம் இல்லை, கம்பெனி மூடினால் நீ என்ன செய்வாய். தனியாக அலைந்தாயே, ஒரு வார்த்தை சொல்லாமல், அதற்குக்கூட அழுகைதான் வந்தது. கோபம் வேறு. நீ சாப்பிட்டது, படித்தது, அந்த ஊருக்குப் போனது எல்லாம் உன் அம்மா பெட்டி பிரித்ததிலும் உன் அப்பா லிஃப்ட்டுக்குள் தொங்கியதிலும்தானே. பெட்டி பிரிக்கிற அம்மாவிடம் போய், பெட்டி பிரிக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாய். அப்படியென்றால் இவ்வளவு நாளும் என் வேலையைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? இதை யோசித்து யோசித்து எனக்கு இரண்டு நாளாக வேலை ஓடவில்லை, காலாவதி மருந்தையும் புது மருந்தையும் ஒரே தட்டில் அடுக்கிவிட்டு மறுபடி பிரித்தேன். அம்மா வருத்தப்படுவாள் என்று மறைத்தேன் என்பாய். நான் வருத்தப்பட்டால் வருத்தப்பட்டுவிட்டுப் போகிறேன். அதற்குத்தானே அம்மா. அப்பா விஷயம்தான் எனக்குப் பயம். நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிற உன் ஃபோட்டோவைத்தான் ஃபோனைத் திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார், அந்த நாற்காலிமேல் அவருக்கு அவ்வளவு பெருமை. அவருக்கு இது தெரிய வேண்டாம், நீ வேறு வேலை பார்த்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை கத்தி பரிசாகவே இருக்கட்டும், நானும் வாயைத் திறக்கவில்லை. நீயும்

இதுவரைக்கும் நேற்று எழுதினேன், அதற்குள் லோடு வந்துவிட்டது. மேலே கடைசி நாலு வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை, நீயும் படித்துச் சிரி. நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, அந்தக் கத்தியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். கத்தி ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கம், மணி மணியாகத் திருகுகள், ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், கையில் என்னுடைய பழைய பல் பிரஷ். மோட்டார் ஞாபகம்தான் எனக்கு வந்தது. அதையும் கெடுத்தாச்சா, திருகு மிச்சம் வந்தா என்ன செய்வீங்க என்று சத்தம் போட்டேன். அவர் நிமிரவே இல்லை. அந்தக் கண்ணாடிக்காரத் தம்பி எப்ப கிளம்புறான் என்று கேட்டார். எதுக்கு என்றேன். இத அவன்கிட்ட குடுத்தனுப்பணும், புள்ள வேலைக்கு வச்சிருந்தது, இது இல்லாம அங்க எதால கிழிச்சிட்டு இருக்கானோ என்றார். எந்த வேலைக்கு என்று கேட்டேன். உனக்குத் தெரியாத மாதிரி கேக்காத, கத்தி மூட்டுல ஒட்டியிருந்தத நீ சுரண்டினது எனக்குத் தெரியும் என்றார்.

கோட்டை மாட்டிப் பார்த்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். கைமடிப்புக்குள் கையை விட்டால் அட்டைத் தூசி கொட்டியதாம். லிஃப்ட் சாமான் எல்லாம் பெட்டி பெட்டியாகத்தானே வரும், அவர் பிரிக்காத பெட்டியா. அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் பரிசு பரிசுன்னு காட்டிட்டு வந்தீங்க என்று கேட்டேன். உங்க அண்ணன் இத எடுத்துட்டுப் போய் நாலு எடத்துல ரவுடிக் கத்தின்னு சொல்றதுக்குள்ள நாம முந்திக்க வேணாமா, அப்பன்கிட்ட குடுத்ததுன்னு சொல்லிட்டா அப்புறம் எவன் கேப்பான் என்றார். என்கிட்ட ஏன் சொல்லல என்றேன். நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன் என்றார். நான் உங்களுக்குத்தான் மறைச்சு எழுதிட்டு இருக்கேன் என்று பையிலிருந்து இந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார், மண்ணெண்ணெய்க் கையோடு துடைத்து அது மங்கிப்போய்விட்டது. ஃபோனில் இருக்கிற நாற்காலி ஃபோட்டோவை மாத்திடவா என்று கேட்டேன். எதுக்கு, மூஞ்சி நல்லா விழுந்திருக்கு என்றார்.

ஆகையால் இனி யாரும் யாருக்கும் நடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த இஸ்திரிச் சட்டை வேண்டாம், வேலையிலிருந்து வந்த சட்டையோடு பேசு, அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை. இடது கையைக் காட்டு, பிளாஸ்டரைப் பிரித்துக் காட்டு. வேறு வேலை தேடுவாயோ, இதிலேயே மேலே வருவாயோ, எல்லாம் வேண்டாம் என்று இங்கே வருவாயோ, உன் இஷ்டம், எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய். உன் அம்மாவாக இல்லாமல் அதே வேலை செய்கிறவளாக இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நுனியை மட்டும் இறக்கு, நகத்தளவு போதும். பெட்டியைத் தொடைமேல் வைத்துக் கிழிக்காதே, அவசரத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். முதலில் கையால் தடவி, கம்பிப் பின் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இழு. பசை ஏறினால் அன்றன்றைக்கே சமையல் எண்ணெய் தொட்டுத் துடை. கெட்டியான அடி வைத்த ஷூ வாங்கு. இத்தனையும் சொன்னபிறகும் அந்தக் கத்திமேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அது எப்போது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். அதனால் நாங்கள் இங்கே பிடிக்கிற கட்டர் ஒன்றையும் கூடவே வைத்திருக்கிறேன், கையை எடுத்தால் தானே உள்ளே போய்விடும், இடது கைக்கும் சரியாக இருக்கும். இரண்டையும் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லிக் கண்ணாடிக்காரனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன், கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் அவனைத்தான் முதலில் பிடிப்பார்கள். வெட்டுப்பட்டதற்கு ஊசி போட்டாயா இல்லையா என்று மட்டும் இது கிடைத்த அன்றே சொல். வேலையை மறைத்ததைக்கூட மறந்துவிடுகிறேன், வெட்டுப்பட்டதை மறைத்தாயே, அதற்கு நேரில் வரும்போது இருக்கிறது.

உடம்பு நோகாமல், மனசு நோகாமல், செய்கிற வேலையில் தலை நிமிர்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அக்காவோடு சண்டை போடாதே, அவள் கடைசிவரை ஆப்பிள் என்றே சாதித்தாள். அடியில் கொஞ்சம் இடம் விடு, நானும் இரண்டு வரி எழுதணும் என்று அப்பா கேட்டார், விட்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

தம்பி, அப்பா. அம்மா எழுதியதை என்னைப் படிக்க விடவில்லை, அதனால் கத்தியைப் பற்றி மட்டும். திறந்ததும் உள்ளே ஒரு தகடு நகர்ந்து வந்து கத்தியின் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் அட்டைத் தூசியும் பசையும் அடைத்துப்போய், தகடு பாதிதான் வந்து நின்றிருக்கிறது. அதனால்தான் நீ அழுத்தும்போது விரல்மேல் மடங்கிவிட்டது. உன் கைத் தவறு இல்லை. எல்லாம் சுத்தம் செய்து, தகட்டைக் கொஞ்சம் நிமிர்த்தி, திருகை இறுக்கியிருக்கிறேன். திருகு எதுவும் மிச்சம் வரவில்லை. என் விரலை வைத்தே பல தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன், மடங்கவில்லை. நீ பயப்படாமல் வேலை செய்.
அப்பா